லேப் மெஷின்களில் வன்பொருள் தகவலை ரூட்டுக்கு மட்டும் என்று பூட்டலாமா?

காலாப்பட்டு அட்மின்
புதுச்சேரியில ஒரு கல்லூரி லேப் பார்த்துக்கிறேன். டெபியன் லினக்ஸ் சர்வர், ஒரே மெஷின்ல பல மாணவர்கள் லாகின் பண்றாங்க. ப்ராக் அடைவுல சிப் விவரம் சொல்ற சிபியுஇன்ஃபோ ஃபைலையும், வன்பொருள் நிலவரத்தை கெர்னல் (சிஸ்டத்தோட மையப் புரோகிராம்) காட்டுற சிஸ் அடைவு முழுசையும் ரூட் (நிர்வாகி கணக்கு) மட்டும் படிக்கிற மாதிரி மாத்தப் போறேன். 2020ல வந்த பிளாட்டிபஸ் தாக்குதல்தான் காரணம். இன்டெல் சிப் எவ்வளவு மின்சாரம் இழுக்குதுங்கிற அளவை சிஸ் வழியா எந்த யூசரும் படிக்க முடிஞ்சது. அந்த ஏற்ற இறக்கத்தை வெச்சே கெர்னலுக்குள்ள இருந்த என்கிரிப்ஷன் சாவியை எடுத்துக் காட்டினாங்க. அப்புறம்தான் அந்த ஃபைலை ரூட்டுக்கு மட்டும்னு ஆக்கினாங்க. அடுத்த ஓட்டை வர்ற வரைக்கும் நான் ஏன் காத்திருக்கணும்?

திருப்பாதிரிப்புலியூர் சர்வீஸ்
வேணாம் சார். அந்த ஒரு ஃபைலை மூடினது சரி. அதுக்காக சிஸ் முழுசையுமா? சூடு எவ்வளவு, ஃபேன் சுத்துதா, பேட்டரி எவ்வளவு தேஞ்சிருக்கு, எல்லாம் அங்கதான் இருக்கு. கடலூர்ல என் கடைக்கு அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்போட வர்ற பிள்ளைங்களுக்கு முதல்ல இதைத்தான் காட்டுவேன். தன் மெஷினைத் தானே பார்க்கத் தெரிஞ்சா யாரும் ஏமாத்த முடியாது.

இன்னொண்ணு, சிபியுஇன்ஃபோவை மூடி என்ன பயன்? சிபியுஐடி கட்டளையை எந்த சாதா புரோகிராமும் நேரா சிப்கிட்டயே கேட்கலாம். கெர்னல் நடுவுல வர்றதே இல்ல.

காலாப்பட்டு அட்மின்
அது சிப் மாடலைத்தான் சொல்லும் அண்ணே. யூஎஸ்பியில செருகின பென்டிரைவோட சீரியல் நம்பரை சொல்லாது. சிஸ்ல அது எல்லாருக்கும் தெரியுது. ஒரு பையன் செருகினதை வீட்டிலிருந்து லாகின் பண்ணின இன்னொருத்தன் குறிச்சு வெச்சுக்கலாம். மதர்போர்டு சீரியலை மட்டும் கெர்னலே ரூட்டுக்குன்னு வெச்சிருக்கு. ஏன் வெச்சிருக்கு? சொல்லுங்க.

ஆராய்ச்சி மாணவி
சார், உங்க லேப் மாதிரி ஒரு சர்வர்லதான் என் சிமுலேஷன் ஓடுது. எத்தனை கோர் இருக்கு, எந்த மெமரி எந்த கோருக்குப் பக்கம்னு சிஸ்ஸைப் படிச்சுத்தான் வேலையைப் பிரிக்குது. அதைப் பூட்டினா புரோகிராம் கண்ணைக் கட்டிக்கிட்டு ஓடும்.

2018ல மெல்ட்டவுன்ங்கிற சிப் ஓட்டை வந்தப்போ, இந்த சிப்புக்கு எந்தப் பாதிப்பு இருக்கு, தடுப்பு போட்டாச்சான்னு எல்லாரும் பார்க்கட்டும்னுதான் சிஸ்ல தனி அடைவே வெச்சாங்க. பொது மெஷின்ல என் டேட்டாவை வைக்கிறேன், அது எனக்குத் தெரியணும் இல்லையா?

காலாப்பட்டு அட்மின்
நியாயம். சிபியு அடைவைத் திறந்தே வைக்கிறேன். யூஎஸ்பி பூட்டுதான். கெர்னல் லாக்கைக் காட்டுற டிமெஸ்ஜி கட்டளையை டெபியனே ஏற்கெனவே ரூட்டுக்கு மட்டும்னு வெச்சிருக்கு, அதையும் தொட மாட்டேன். அந்த லாக் வேணுங்கிறவங்களை, லாக் படிக்க அனுமதி உள்ள ஏடிஎம்ங்கிற யூசர் குரூப்ல சேர்த்தா, ஜர்னல்ங்கிற லாக் தொகுப்பு வழியா படிக்கலாம்.

திருப்பாதிரிப்புலியூர் சர்வீஸ்
அந்த குரூப்ல லேப் அசிஸ்டன்ட் மட்டும்தானா? டிஸ்க் சாகப் போற அறிகுறி லாக்ல தெரியும். கத்துக்க வர்ற பிள்ளைங்க அதைப் பார்க்காம வேற எங்க சார் பார்ப்பாங்க? சர்வர்ல முடியாதுன்னா, பழைய மெஷின் ஒண்ணை எதையும் பூட்டாம அவங்களுக்குக் கொடுங்க.