முதல் கோல்ஃப் ஹேண்டிகேப் வாங்கணும், வழி சொல்லுங்க

அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம். மூணாறு பக்கம் எஸ்டேட் ஆபீஸ்ல வேலை. எட்டு மாசமா கோல்ஃப் ஆடுறேன், 9 ஹோல் மைதானம்தான். ஹேண்டிகேப் (ஆடுறவரோட திறமையைக் காட்டுற எண்) இல்லாம கிளப் போட்டிக்குப் பேர் குடுக்க முடியாதுன்னுட்டாங்க.

விசாரிச்ச வரைக்கும், 2020ல வந்த உலக ஹேண்டிகேப் முறைப்படி 54 ஹோலுக்கு ஸ்கோர் கார்டு வேணும். எங்களுக்கு ஆறு சுத்து. கூட ஆடுறவர் மார்க்கரா, அதாவது நம்ம அடியைக் கணக்கு எழுதுறவரா, கையெழுத்துப் போடணும். ஆணோ பெண்ணோ, ஹேண்டிகேப் எண்ணுக்கு உச்சவரம்பும் 54தான்.

நாலு கார்டு சேர்ந்தாச்சு. போன ஞாயித்துக்கிழமை ஒரு பார் 4 ஹோல்ல (நாலு அடியில முடிக்க வேண்டியது) முதல் அடியே தேயிலைச் செடிக்குள்ள. விலக்கி விலக்கித் தேடினா பந்து கிடைக்கல, காலில் அட்டைதான் ஏறுச்சு. மூணு நிமிஷம் தாண்டினா பந்து தொலைஞ்ச கணக்கு. திரும்ப நடந்து போய் அடிச்சு, மொத்தம் 13. கூட வந்த சேட்டன் சிரிச்சுக்கிட்டே 9னு எழுதினார். முதல் ஹேண்டிகேப் கிடைக்கிற வரை பாருக்கு மேல 5 தான் உச்சமாம். தப்பிச்சேன்!

இப்போ என் சந்தேகம். மழையால ஒரு நாள் 7 ஹோலோட நிறுத்திட்டோம், அந்தக் கார்டு செல்லுமா? முதல் போட்டிக்கு, ஹோலுக்கு ஹோல் புள்ளி போடுற ஸ்டேபிள்ஃபோர்டு போதுமா? அதுல சொதப்பின ஹோல்ல பந்தை எடுத்துட்டு அடுத்ததுக்குப் போயிடலாம். மொத்த அடியையும் எண்ணுற ஸ்ட்ரோக் பிளேன்னா அந்த 13ஐ அப்படியே எழுதணும், நெனச்சாலே வயித்தைக் கலக்குது. பழகின ஆளுங்ககூடச் சேர்த்துவிட்டா, மெதுவா ஆடுறேன்னு முகம் சுளிப்பாங்களா? நீங்க முதல்தடவை எப்படிச் சமாளிச்சீங்க?