மின்னஞ்சல் மென்பொருள் திறக்க மறுத்த நாள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

சித்தப்பா தொலைபேசியில் பேசத் தொடங்கியதுமே குரல் சரியில்லை என்று தெரிந்துவிட்டது. "என் கடிதமெல்லாம் போய்விட்டதடா" என்றார். அவர் பல ஆண்டுகளாகத் தண்டர்பேர்ட் என்ற மென்பொருளில்தான் மின்னஞ்சல் பார்க்கிறார், அதுவும் கடிதங்களைக் கணினிக்கே இறக்கிக்கொள்ளும் பாப் முறையில். கணினிக்கு இறங்கிய கடிதம் சர்வரில் அழிந்துவிடும்படி யாரோ ஒருவர் அந்தக் காலத்தில் அமைத்துக் கொடுத்தது அப்படியே இருந்துவிட்டது. அவருடைய கணினியில் இல்லையென்றால் அந்தக் கடிதங்கள் வேறெங்கும் இல்லை. மறைந்த சித்தி எழுதியவையும் அதற்குள்தான் இருக்கின்றன.

"திரையில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே படியுங்கள் சித்தப்பா" என்றேன். நிறுத்தி நிறுத்திப் படித்தார். தண்டர்பேர்ட் புரொஃபைலை ஏற்ற முடியவில்லை, அது காணாமல் போயிருக்கலாம் அல்லது அணுக முடியாமல் இருக்கலாம் என்பது அந்த ஆங்கில வரிகளின் பொருள். அவர் மனத்தில் 'காணாமல்' மட்டும் தைத்துவிட்டது. எனக்கு நம்பிக்கை தந்தது அதற்கு அடுத்த சொல்.

தெரிந்தவர் ஒருவர் மென்பொருளை நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவச் சொல்லியிருந்தாராம். "எதையும் நீக்காதீர்கள், புதிதாக எதையும் உருவாக்காதீர்கள், நான் வருகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், மென்பொருள் ஓரிடத்தில் இருக்கிறது, கடிதங்கள் வேறிடத்தில் இருக்கின்றன. கணக்கு விவரம், முகவரிப் புத்தகம், கடிதங்கள் எல்லாம் புரொஃபைல் என்ற ஃபோல்டருக்குள் இருப்பவை. தண்டர்பேர்டை நீக்கினாலும் அந்த ஃபோல்டர் பொதுவாக அப்படியே இருக்கும். ஆகவே மீண்டும் நிறுவினால் பெரும்பாலும் கோளாறும் அப்படியே திரும்பி வரும். ஆனால் பதற்றத்தில் 'பழையதையெல்லாம் துடைத்துவிடலாம்' என்று யாராவது அந்த ஃபோல்டரையும் அழித்தால் கதை முடிந்தது.

விண்டோஸில் ஆப்டேட்டா, அதற்குள் ரோமிங், அதற்குள் தண்டர்பேர்ட் என்று போனால் புரொஃபைல்ஸ்.ஐஎன்ஐ என்ற சின்னக் கோப்பு இருக்கும். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர் என்பதால் முதலில் கண்ணில் படாது. அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்தேன். கடிதங்கள் எங்கே என்று சொல்லும் 'பாத்' வரியில் ஈ டிரைவ் என்றிருந்தது. அப்போதுதான் நினைவு வந்தது: சி டிரைவ் நிறைந்துவிட்டது என்று நான்தான் அந்தப் புரொஃபைலை ஒரு வெளிவட்டுக்கு மாற்றிக் கொடுத்திருந்தேன். பேத்தியின் படங்கள் இருந்த பென்டிரைவ் ஒன்று இப்போது ஈ என்ற எழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. வெளிவட்டைக் கழற்றி மாட்டியபோது அதற்கு எஃப் கிடைத்திருக்கிறது. தண்டர்பேர்டோ ஈ-யில் தேடித் தேடி, இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

சரிசெய்வதற்கு முன் இரண்டு காரியம் செய்தேன். முழு ஃபோல்டரையும் வேறொரு வட்டில் நகலெடுத்தேன். நகல் ஓடிக்கொண்டிருந்தபோது, சித்தியின் பெயரில் இருந்த கோப்பை நோட்பேடில் திறந்து அவருக்குக் காட்டினேன். தண்டர்பேர்ட் வழக்கமாக ஒரு ஃபோல்டரின் கடிதங்களையெல்லாம் ஒரே கோப்பில் அடுக்கி வைக்கும். வெறும் எழுத்துக் கோப்புதான் அது. அனுப்பியவர் முகவரியும் தேதியும் தெளிவாகத் தெரிந்தன. தமிழில் எழுதிய பகுதி மட்டும் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட வரிகளாக இருந்தது. "உறை பிரிக்காத கடிதம் மாதிரி சித்தப்பா, உள்ளே பத்திரமாக இருக்கிறது" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அந்தத் தேதியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வேலை இரண்டு நிமிடம். பென்டிரைவைக் கழற்றிவிட்டு, டிஸ்க் மேனேஜ்மென்டில் வெளிவட்டுக்கு ஈ என்ற எழுத்தைத் திருப்பிக் கொடுத்தேன். தண்டர்பேர்ட் திறந்துகொண்டது.

* * *

சித்தப்பா கதையைப் படித்தேன். எனக்கு நேர்ந்தது அலுவலகத்தில், அவுட்லுக் என்ற மின்னஞ்சல் மென்பொருளுடன். நீலப் பெட்டி வரும், ஏதோ ஏற்றுவதாகக் காட்டும், அங்கேயே நின்றுவிடும். மறுநாள் காலைக்குள் அனுப்ப வேண்டிய ஒப்பந்தம் அதற்குள் இருந்தது. கணினியை நான்கு முறை அணைத்துப் போட்டேன், பலனில்லை.

பக்கத்து மேசை அக்காதான் வழி சொன்னார்: விண்டோஸ் விசையுடன் ஆர் அழுத்தி, 'அவுட்லுக்' என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு 'சேஃப்' என்று எழுதச் சொன்னார். உடனே திறந்தது. அப்படித் திறந்தால் குற்றவாளி பெரும்பாலும் கூடுதல் இணைப்பு ஒன்றுதான், ஏனென்றால் சேஃப் முறையில் ஆட்-இன்கள் ஏறுவதில்லை. ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் என்று போய் எல்லாவற்றின் டிக்கையும் எடுத்துவிட்டு, ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் மூடித் திறந்தேன். மூன்றாவதில் சிக்கியது. வேறொரு மென்பொருளை நிறுவியபோது கேட்காமலே வந்து ஒட்டிக்கொண்டது அது. ஒப்பந்தத்தை அன்று இரவே அனுப்பிவிட்டேன்.

* * *

சுருக்கமாக என்னுடையது. 'தண்டர்பேர்ட் ஏற்கெனவே இயங்குகிறது, ஆனால் பதில் தரவில்லை' என்ற செய்தி. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் சாளரமே இல்லாமல் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தியதும் சரியானது.

ஆனால் மாதம் ஒருமுறை இதே தொல்லை வந்தது. வைரஸ் தடுப்பு மென்பொருள் பெரிய இன்பாக்ஸ் கோப்பை ஆராய்வதற்காகப் பிடித்துக்கொள்வதால், மூடிய பிறகும் தண்டர்பேர்ட் முழுதாக வெளியேறவில்லை என்று பிறகுதான் கண்டேன். புரொஃபைல் ஃபோல்டரை அந்தச் சோதனையிலிருந்து விலக்கினேன், அதற்குப் பிறகு வரவில்லை. டாஸ்க் மேனேஜரில் எதுவுமே ஓடாமல் இதே செய்தி வந்தால், புரொஃபைலுக்குள் பேரண்ட்.லாக் என்ற கோப்பு எஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். திடீரென மின்சாரம் போனால் அப்படித் தங்கிவிடுவதுண்டு. அதை மட்டும் அழிக்கலாம், கடிதங்களுக்கு ஒன்றும் ஆகாது.

* * *

பழைய அவுட்லுக் வைத்திருப்பவர்களுக்காக ஒன்று. அவுட்லுக் கடிதங்களைச் சேர்த்து வைக்கும் கோப்புக்குப் பிஎஸ்டி என்று பெயர். 2002 பதிப்பு வரையிலான பிஎஸ்டி கோப்பு 2 ஜிபியைத் தாண்டக் கூடாது. என் அண்ணனுடையது அந்த எல்லையை முட்டித் திறக்காமல் போனது. ஸ்கேன்பிஎஸ்டி என்ற பழுதுபார்க்கும் கருவி அவுட்லுக்குடனேயே வருகிறது. ஆனால் தயவுசெய்து நகலின்மீது ஓட்டுங்கள், மூலக் கோப்பைத் தொடாதீர்கள். எங்கள் நகலில் அது சில கடிதங்களை வெட்டித்தான் மீட்டது.

* * *

முதலில் எழுதியவன் மீண்டும். வைரஸ் தடுப்பு பற்றிச் சொன்னவருக்கு நன்றி, சித்தப்பா கணினியிலும் இன்று அந்த விலக்கை அமைத்துவிட்டேன். கடிதங்கள் சர்வரிலும் தங்கும்படி மாற்றியாயிற்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஃபோல்டரை நகலெடுக்க அவரே கற்றுக்கொண்டார். வெளிவட்டின்மீது ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, பெரிதாக 'ஈ' என்று எழுதி வைத்திருக்கிறார்.