பாய்ப்படகோடு போகும் டிங்கிக்குப் பெயர்: இழுவைப் படகு வேண்டாம், கரைவள்ளம்?

வணக்கம். பாய்ப்படகிலிருந்து கரைக்குப் போய்வர உதவும் சின்னப் படகுதான் டிங்கி. அதற்குத் தமிழ்ப்பெயர் தேடும் நம் பேச்சில் வந்த இரண்டு யோசனைகளுக்கு என் பதில் இது.

> 'இழுவைப் படகு' என்றே வைத்துவிடலாமே. பின்னால் கட்டி இழுத்துக்கொண்டுதானே போகிறார்கள்?

இதை ஏற்க முடியவில்லை ஐயா. இழுவைப் படகு என்றால் துறைமுகத்தில் கப்பலை இழுக்கும் டக். அந்தப் பொருளில் செய்தித்தாள் வரை வந்துவிட்டது. இழுப்பதற்கும் இழுபடுவதற்கும் ஒரே பெயர் வைத்தால் கையேடு படிப்பவர் குழம்பிப்போவார்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. டிங்கியை எப்போதும் இழுத்துக்கொண்டு போவதில்லை. நார்டிக் ஃபோக்போட் என்ற சின்னப் பாய்ப்படகை எடுத்துக்கொள்வோம். 1942-ல் வந்த வடிவம், 25 அடி நீளம், 2.2 மீட்டர் அகலம். மிதவையிலோ நங்கூரத்திலோ நிற்கும் இப்படிப்பட்ட படகிலிருந்து கரைக்குப் போய்வர 7, 8 அடியில் ஒரு டிங்கி வேண்டும். குடாவுக்குள் சுற்றுவதென்றால் கயிற்றில் கட்டி இழுத்துப் போகலாம். இதில் கயிற்றின் நீளம்தான் முக்கியம். ஓடும் படகு தனக்குப் பின்னால் அலைகளைக் கிளப்பிக்கொண்டே போகும். டிங்கி அந்த அலையின் பின்சரிவில் மாட்டிக்கொண்டால், மேட்டில் வண்டி இழுப்பதுபோல் கயிறு கனக்கும். கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ முன்சரிவுக்குக் கொண்டுவந்தால் உடனே கயிறு இளகும், கையிலேயே தெரியும். துறைக்குள் நுழையும்போது கயிற்றைக் குறுக்கிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் விசிறியில் சுற்றிக்கொள்ளும். தண்ணீரில் மிதக்கும் பாலிப்ரொப்பிலீன் கயிற்றைப் பலர் விரும்புவது இதனால்தான்.

திறந்த கடலில் கதையே வேறு. பின்னாலிருந்து பேரலை வந்தால் டிங்கி அதன் மேல் சறுக்கிப் பாய்ந்து வந்து படகின் பின்பலகையில் முட்டும். தொய்ந்த கயிறு அடுத்த நொடி வெடுக்கென்று விறைக்கும். கட்டிய வளையமே பிடுங்கிக்கொண்டு போகலாம். உள்ளே அரை கன மீட்டர் தண்ணீர் ஏறினாலே அரை டன் எடை. காற்றடைத்த ரப்பர் டிங்கி என்றால் பலத்த காற்றில் குப்புறப் புரளும். துடுப்பையும் மோட்டாரையும் முதலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். அதனால் வெளிக்கடலுக்குப் போகிறவர்கள் டிங்கியை மேல்தளத்தில் கவிழ்த்துக் கட்டுவார்கள். ஃபோக்போட்டில் பாய்மரத்துக்கு முன்னால் அதை வைத்தால் நங்கூரத்தை எடுக்கவும் முன்பாயைத் தொடவும் வழியிருக்காது. ரப்பர் டிங்கியைக் காற்றிறக்கிச் சுருட்டி உள்ளே வைப்பதுதான் சின்னப் படகுக்கு ஒத்துவரும் என்பது என் கருத்து.

இழுத்தாலும் கவிழ்த்தாலும் சுருட்டினாலும் அதன் வேலை மாறுவதில்லை: ஆளையும் சாமானையும் கரை சேர்ப்பது. பெயர் அந்த வேலையிலிருந்து வரட்டும். இந்த வேலை செய்யும் படகை ஆங்கிலத்தில் டெண்டர் என்பார்கள், அதற்குக் 'கரைவள்ளம்' என்று முன்மொழிகிறேன்.

> 'தோணி' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

அம்மா, தூத்துக்குடியில் தோணி என்றால் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் பெரிய கலம். அந்த ஊர்க்காரரிடம் தோணியைச் சுருட்டி உள்ளே வையுங்கள் என்று சொல்ல முடியாது. வள்ளம் அப்படியில்லை, சின்னதென்றே மனதில் படும்.

அப்புறம், டிங்கி என்ற சொல்லையும் விட்டுவிட வேண்டாம். வங்காளத்து ஆற்றுப்படகின் பெயர்தான் அது, நமக்கு அந்நியமில்லை. சிறுவர்கள் ஓட்டும் ஆப்டிமிஸ்ட் முதலான பந்தயப் படகுகளும் டிங்கிதான். அவை எந்தப் படகுக்கும் கரைவேலை செய்வதில்லை. ஆகவே வகைக்கு டிங்கி, வேலைக்குக் கரைவள்ளம்.

டிங்கியின் முன்முனையில் கட்டும் கயிற்றை ஆங்கிலத்தில் பெயின்ட்டர் என்பார்கள். அதற்கு 'இழுகயிறு' வேண்டாம், துறையில் கட்டுவதும் அதே கயிற்றால்தான். 'வள்ளக்கயிறு' சரியாக இருக்கும்.

டேவிட் (davit) என்ற கருவிதான் பாக்கி. படகின் பின்புறம் டிங்கியைத் தூக்கி மாட்டும் அந்த இரட்டைக் கைகளுக்கு நான் 'தூக்குக்கை' என்று எழுதிவருகிறேன். நாகை, இராமேசுவரம் பக்கம் இதற்கு வேறு சொல் புழங்கினால் தெரிவியுங்கள், அதையே எடுத்துக்கொள்ளலாம்.