பியோபு: ‘மடிப்புத்திரை’ போதுமா?

> ஜப்பானிய ஓவியம் பற்றிய நம் கலைச்சொல் பட்டியலில், மடக்கி நிறுத்தும் ஓவியத் தடுப்பான பியோபுவுக்கு ‘மடிப்புத்திரை’, ஓவியங்களில் வரும் அகிப் பருவச் செடிகளான அகிகுசாவுக்கு ‘இலையுதிர்காலப் புற்கள்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

ஐயா, ‘திரை’ ஒத்துவராது. திரை துணி, தொங்குவது. பியோபு தானாக நிற்கும். மெல்லிய மரச்சட்டங்களைக் கட்டம் கட்டமாகக் கோத்து, மேலே பல அடுக்குத் தாள் ஒட்டி, அதன்மேல் ஓவியத்தை ஏற்றுகிறார்கள். மறைப்புக்காக இப்படி நிறுத்துவதை நாம் தட்டி என்போம். துணியை மடிக்கிறோம்; நாற்காலியையும் கத்தியையும் மடக்குகிறோம். ஆகவே ‘மடக்குத்தட்டி’. சிலப்பதிகாரத்து ‘எழினி’யை யாரும் கிளப்புமுன் சொல்லிவிடுகிறேன், அதுவும் துணிதான்.

எண்ணிக்கையில்தான் பெரிய குழப்பம். டோக்கியோவின் நெஸு அருங்காட்சியகத்தில் உள்ள, ஓவியர் ஓகதா கோரினின் ‘காகிட்சுபாதா’ (ஐரிஸ் பூக்கள்) எத்தனை திரை? இரண்டா, ஆறா, பன்னிரண்டா? ஒவ்வொரு பகுதிக்கும் ‘முகம்’ என்றால் ஆறுமுகத் தட்டி முருகன் கோயிலுக்குப் போய்விடும். ‘மடல்’ என்போம்: அறுமடல் தட்டி, ஓர் இணை, மொத்தம் 12 மடல்.

மடல்களைச் சேர்ப்பது ‘தாள்கீல்’. ஒரு மடலின் முன்புறத்திலிருந்து அடுத்ததன் பின்புறத்துக்கும், அங்கிருந்து மறுபடி இப்படியும் மாறிமாறிச் செல்லும் தாள் பட்டைகள் அவை. இருபக்கமும் மடங்கும், இடைவெளியும் தெரியாது. அதற்கு முன் துளையிட்டுக் கயிற்றால் கட்டினார்கள். மடலுக்கு மடல் விளிம்பு இருந்ததால் ஓவியம் துண்டுபட்டது. தாள்கீல் வந்தபிறகே ஒரே மரக்கிளை மடல்களைத் தாண்டி ஓட முடிந்தது.

மடல் எண்ணை வலமிருந்து இடுங்கள். நாற்பருவ ஓவியங்களில் இளவேனில் வலக்கோடியில் தொடங்கும். பனி இடக்கோடியில் முடியும். நம் பழக்கப்படி இடமிருந்து எண்ணினால் ஆண்டு பின்னோக்கி ஓடும்.

---

‘மடக்குத்தட்டி’ சரி. விளம்பரத் தட்டி நினைவுக்கு வந்தாலும் பாதகமில்லை. ‘புற்கள்’தான் உதைக்கிறது. அகிகுசாவில் சுசுகி (வண்டி அல்ல) மட்டுமே புல். ஹாகி அவரைக் குடும்பப் புதர், கிக்யோ பூச்செடி, குட்ஸு கொடி. நம்மிடம் ‘புல்பூண்டு’ இருக்கிறதே, அதுவே போதும்.

அகி என்னும் பருவத்துக்குக் ‘கூதிர்’ வேண்டாம். அது ஐப்பசி, கார்த்திகை. ஜப்பானியரின் பழைய கணக்கில் அகி ஆகஸ்டிலேயே பிறந்துவிடும். இந்தச் செடிகளைச் சங்கத் திணைகளின் ‘கருப்பொருள்’ என்றும் சொல்ல முடியாது; அது நிலத்தோடு கட்டுண்டது, பருவத்தோடு அல்ல. ‘இலையுதிர்கால’மும் முழுப் பொருத்தமில்லை, ஆனால் வாசகருக்குப் பழகிய சொல். ஓவியர் சகாய் ஹோய்ட்சு 1821 வாக்கில் வெள்ளித்தாள்மேல் வரைந்த இருமடல் தட்டி இணையைப் பாருங்கள். முன்பு அது கோரினின் காற்றுத்தேவன், இடித்தேவன் தட்டிகளின் பின்புறத்தில் இருந்தது. காற்றுத்தேவனுக்குப் பின்னே காற்றில் சாயும் அகிப் புல்பூண்டு, இடித்தேவனுக்குப் பின்னே மழையில் நனைந்த கோடைச் செடிகள். காற்றடித்து குட்ஸு இலையின் வெளிறிய அடிப்பக்கம் தெரிகிறது. இலை உதிர்வது அல்ல அங்கே விஷயம்.

குட்ஸுவை இந்த எழுத்திலேயே பட்டியலில் ஏற்றுங்கள். ‘ட்’ விட்டுப்போனால் என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை.