வழியை மறித்த கேட்டும் பூட்டும்: பார்த்த அனுபவங்களைப் பகிருங்கள்

சர்வேயர்_மாமா
நீங்கள் போய்வரும் பக்கத்து நிலத்துப் பாதையில் திடீரென்று கேட், அதில் பளபளவென்று புதுப் பூட்டு. பார்த்ததும் கட்டரைத் தேடுகிறார்கள். பொறுங்கள். உங்கள் மனை, பக்கத்து மனை என்று இரண்டு லாட்டின் டைட்டிலையும் (உரிமைப் பதிவு) சிங்கப்பூர் நில ஆணையத்தின் இன்லிஸ் என்ற நிலத் தகவல் தளத்தில் எடுங்கள். ஒன்றை மட்டும் எடுத்தால் பாதிக்கதைதான். வழியுரிமை, அதாவது அடுத்தவர் நிலத்தின் வழியே போய்வரும் உரிமை, பதிவாகியிருந்தால் அதை உருவாக்கிய பத்திரத்தின் எண் கிடைக்கும். அந்தப் பத்திரத்தையும் காசு கட்டி வாங்குங்கள். நடக்க மட்டுமா, வண்டியும் போகலாமா என்பது அதில்தான் இருக்கும். அகலத்தை வேலியிலிருந்து அளக்காதீர்கள், வேலி நகரும். பதிவுபெற்ற நில அளவையாளர் காட்டும் எல்லைதான் கணக்கு. இன்னொன்று, கேட் போடுவதே தப்பில்லை. போய்வருவது கணிசமாகத் தடைபட்டால்தான் தப்பு. கேட் போட்டவர் உங்கள் கையில் சாவியைக் கொடுத்துவிட்டால் உங்கள் வழக்கு இளைத்துவிடும்.

காத்தோங்வாசி
பத்திரத்தில் 'வண்டி' என்று இருந்தாலும் போதாது மாமா, எந்த லாட்டுக்கு என்று பாருங்கள். கிரேஞ்ச் ஹைட்ஸ் கொண்டோ இரண்டு லாட்டில் நிற்கிறது, பக்கத்து நிலத்துப் பாதையில் வழியுரிமை அதில் ஒன்றுக்குத்தான். சண்டை 1970களில் தொடங்கியது. 2008-இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பாதையில் குடியிருப்பாளர்களுக்கு உரிமை இல்லை என்றது. லாட்டுகள் ஒன்றான பிறகு, உரிமையில்லாத லாட்டுக்கும் பாதை பயன்படுவதைப் பிரிக்க முடியாதே! பக்கத்து மனையையும் வாங்கி ஒரே வீடாகக் கட்டுகிறவர்கள் இதைத்தான் கோட்டைவிடுகிறார்கள்.

ஈசூன்_அண்ணன்
'12 வருஷம் வேலி போட்டு வைத்திருந்தால் நிலமே நமக்கு' என்று இன்னும் சொல்கிறார்கள். பதிவான நிலத்தில் அப்படிச் சொந்தமாக்கும் சட்ட வழி 1994 மார்ச் 1-ஆம் தேதியோடு மூடப்பட்டது. அதற்கு முன்பே 12 ஆண்டு முடிந்திருந்தால் வேறு கதை.

காத்தோங்வாசி சொன்ன மாதிரி முப்பது வருஷம் இழுக்காமல் இருக்க, முதலில் சமூக சமரச நிலையம் போங்கள். வீட்டு வாசலை மறித்தால் சமூகத் தகராறுத் தீர்ப்பு மன்றமும் உண்டு. 100 மீட்டருக்குள் குடியிருக்கும் அண்டைவீட்டார் மீதுதான் மனுப் போடலாம், இழப்பீடு 20,000 வெள்ளி வரை. உரிமை இருக்கிறதா என்பதே சண்டையென்றால் வக்கீல்தான். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: எல்லை தாண்டி வரும் மாங்கிளையை உங்கள் பக்கமிருந்து எல்லைவரை வெட்டலாம். காய் மட்டும் மரக்காரருடையது.

சர்வேயர்_மாமா
கேட்டைப் பற்றிப் பேசினால் மாங்காயில் போய் நிற்கிறீர்களே அண்ணே!