புதுப்பிப்பு: தலையடிக்குப் பிறகு காம்பஸ்-31 கேட்பது பற்றி

கன்கஷனிலிருந்து (தலையில் அடிபட்டு வரும் மூளை அதிர்விலிருந்து) தேறுபவர்களின் தன்னியக்க நரம்புத் தொந்தரவுகளை, அதாவது நாடி, ரத்த அழுத்தம், செரிமானம் போன்றவை தானாக இயங்குவதில் வரும் கோளாறுகளை, கேட்டுப் பதிய காம்பஸ்-31 என்ற 31 கேள்விப் படிவமே போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். கிருஷ்ணகிரியில் இதைப் பயன்படுத்துவோர் கேட்டதால் சில திருத்தங்கள்.

31 விடைகளையும் அப்படியே கூட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு பகுதிக்கும் எடை வேறு. எழுந்து நிற்கும்போது வரும் தொந்தரவுகளுக்கான அதிகபட்ச 10 புள்ளியை 4 ஆல் பெருக்க வேண்டும், 40 வரும். வெளிச்சக் கூச்சம் போன்றவற்றைக் கேட்கும் கண்பாவைப் பகுதியின் அதிகபட்ச 15 புள்ளி சுருங்கி 5 ஆகிவிடும். எல்லாப் பகுதிகளும் சேர்ந்து மொத்தம் 100. வெளிச்சக் கூச்சமே பெரிய தொல்லையாக இருப்பவருக்கு மொத்த மதிப்பெண் குறைவாகத்தான் வரும். பகுதிவாரியாகவும் எழுதி வையுங்கள்.

அடுத்த சிக்கல் காலவரம்பு. சில கேள்விகள் கடந்த ஓராண்டையும், சில 5 ஆண்டுகளையும் கேட்கின்றன. வண்டியிலிருந்து விழுந்து மூன்று வாரமே ஆனவர் பழைய மலச்சிக்கலையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். ஓரத்தில் "அடிக்கு முன் / பின்" என்று குறித்தால் போதும், கேள்வியை மாற்ற வேண்டாம்.

"மயக்கம் வருதா?" என்று மட்டும் கேட்டால் வீண். நம் பக்கம் கிறுகிறுப்பு, சோர்வு, நினைவிழப்பு மூன்றுக்கும் அதே சொல்தான். "எழுந்ததும் கண்ணு இருட்டுதா? உட்கார்ந்தா சரியாகுதா?" என்று பிரித்துக் கேளுங்கள்.

தலைவலிக்கு அமிட்ரிப்டிலின் எடுப்பவருக்கு வாய் உலரும், மலம் இறுகும். மதிப்பெண் பொய்யாக ஏறும். மருந்துப் பெயரைப் படிவத்திலேயே எழுதுங்கள்.

படிவத்தோடு நிறுத்தாமல், படுக்கவைத்து நாடி, ரத்த அழுத்தம் பார்த்து, பின் 10 நிமிடம் நிற்கவைத்து அளவிடுங்கள். பெரியவர்களுக்கு நாடி நிமிடத்துக்கு 30 கூடி அப்படியே நின்றாலோ, 3 நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 இறங்கினாலோ மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். நாடியைக் குறைக்கும் ப்ரொப்ரனலால் மருந்து எடுப்பவரின் நாடி அவ்வளவாக ஏறாது, ஏமாந்துவிடாதீர்கள்.