பாட்டியின் நீலப் பீங்கான் ஜாடி எந்தக் காலத்தது?

கேள்வி:
பாட்டி காலமான பிறகு அவர் வைத்திருந்த பீங்கான் ஜாடி என் பங்குக்கு வந்திருக்கிறது. ஒரு சாண் உயரம். நீலப் பரப்பில் வெடித்த பனிக்கட்டியைப் போல் கோடுகள், அவற்றின்மேல் வெள்ளைப் பூக்கள். அடியில் நான்கு சீன எழுத்துகள். சீனம் தெரிந்த உறவினர் ‘காங்சி ஆட்சிக் காலத்தில் செய்தது’ என்று வாசித்தார். அப்படியானால் முந்நூறு ஆண்டுப் பழமையா? பூவேலைக்குள் அழுக்கு படிந்திருக்கிறது. பிளீச்சில் ஊறவைக்கலாமா?

பதில் 1:
முத்திரையை மட்டும் நம்பி வயது சொல்லிவிடாதீர்கள். காங்சி பேரரசர் ஆண்டது 1662 முதல் 1722 வரை. ஆனால் 1677-இல், சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்தெஜெனின் அதிகாரி, பேரரசரின் ஆட்சிப் பெயரைப் பீங்கானில் எழுதத் தடை விதித்தார். உடைந்தால் குப்பைக்குப் போகும் பொருளில் அந்தப் பெயர் இருக்கலாமா என்பதே காரணம். அதனால் அக்காலத்து அசல் ஜாடிகள் பலவற்றின் அடியில் வெறும் இரட்டை வளையம்தான் இருக்கும், அல்லது முந்தைய பேரரசர் செங்குவாவின் (1465–1487) பெயர் இருக்கும். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த செய்தி இது! நான்கெழுத்துக் காங்சி முத்திரையோ பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பழைய வேலைப்பாட்டைப் போற்றி எழுதியது. நீங்கள் சொல்லும் பனி–பிளம் பூ வடிவத்துக்கு அப்போது ஐரோப்பாவில் ஏகப்பட்ட கிராக்கி.

ஜாடியைக் கவிழ்த்து, மெருகு பூசாத அடி வளையத்தைப் பாருங்கள். இயல்பாகத் தேய்ந்த கீறல்கள் பல திசையிலும் ஓடும். ஒரே திசையில் இருந்தால் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கலாம்.

பதில் 2:
பிளீச் வேண்டவே வேண்டாம். மயிரிழை விரிசலும் பழைய ஒட்டும் இருந்தால் கெட்டுவிடும். வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, மெல்லிய தூரிகை போதும். ஒட்டுவேலை இருக்கிறதா என்று அறிய, இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அந்த இடம் வேறு நிறத்தில் தெரியும்.

கேட்டவர்:
நன்றி. கழுவியதும் முத்திரைக்குக் கீழே மங்கிய சிவப்பில் ஆங்கிலத்தில் ‘சைனா’ என்று தெரிகிறது!

பதில் 1:
அப்படியானால் வேலை எளிது. அமெரிக்காவுக்குள் வரும் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற 1890-ஆம் ஆண்டுச் சட்டம் 1891-இல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் ஜாடி பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. காங்சி காலத்தது அல்ல என்று தாராளமாகச் சொல்வேன். அடி வளையத்தைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்துப் போடுங்கள், இன்னும் நெருக்கிச் சொல்ல முடிகிறதா பார்க்கிறேன்.